பாட்டுக்குள் ஓடிய டிவி

"மாமா, இந்தத் தாத்தா பாடும்போது யாரு மாமா டிவி பாக்கறாங்க?"

இதைக் கேட்டபோது தமிழினிக்கு எட்டு வயது. லீவுக்குக் கடலூர் வந்திருந்தாள். அரவிந்தனுடைய ஹெட்போன் அவள் தலைக்குப் பெரிதாக இருந்ததால் இரண்டு கைகளாலும் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"டிவியா? அதுல ஓதுவார் பாடறாரு. கூட தாளம் போடறாரு. அவ்ளோதான்."

"இல்ல மாமா. டிவி போட்டா ஙீ...ன்னு ஒரு சத்தம் வருமே. சவுண்டு வச்சா கேக்காது. சவுண்ட கொறச்சா கேக்கும். அது."

அரவிந்தன் ஹெட்போனை வாங்கி மாட்டிக் கண்ணை மூடிக் கேட்டான். ஓதுவார் பாடினார். தாளம் மெல்ல விழுந்தது. வேறு ஒன்றும் இல்லை.

"ஒங்காதுலதான் டிவி ஓடுது. போய்ச் சாப்புடு."

"அவ காதுல எப்பவும் அதுதான் ஓடும்" என்று சமையலறையிலிருந்து அவன் அக்கா சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். தமிழினி மட்டும் சிரிக்கவில்லை. கேட்டதைக் கேட்டதாகச் சொன்னவளுக்கு அதில் என்ன வேடிக்கை என்று புரியவில்லை.

இது 2011 ஜூன் மாதம். அரவிந்தனுக்கு அப்போது நாற்பது நடந்துகொண்டிருந்தது. திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனுக்கு அருகில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தான். அதற்கு முன்பு டிவி ரிப்பேர். பாட்டு கேட்பதில் பைத்தியம். இணையத்தில் விற்கும் ஹை ரெசல்யூஷன் பாட்டுகள் உண்மையில் அப்படித்தானா என்று பரிசோதிப்பது அவனுடைய பொழுதுபோக்கு.

அந்தப் பரிசோதனை ஒன்றும் கடினமல்ல. சாதாரண சிடியில், ஒரு நொடிக்கு இருபத்திரண்டாயிரம் அதிர்வுக்கு மேல் போகும் ஓசை எதுவும் நிற்காது. ஹை ரெசல்யூஷன் ஃபைலில், அதாவது மெஷினில் தொண்ணூற்றாறு என்று வைத்து எடுத்ததில், நாற்பத்தெட்டாயிரம் வரை இடம் உண்டு. சிலர் சிடியில் உள்ள பாட்டையே எடுத்துப் பெரிய ஃபைலாக ஊதி, புதிது என்று விற்றுவிடுவார்கள். டப்பா பெரிது, உள்ளே பண்டம் பழையதுதான். காதால் இதைக் கண்டுபிடிப்பது அரிது. ஆனால் ஓசையைப் படமாகக் காட்டும் இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் திறந்தால் போலியின் மேல்பாதி வெறும் கறுப்பாக இருக்கும்.

பக்திப் பாட்டு என்றால் அரவிந்தன் முதலில் தாளத்தைத்தான் பார்ப்பான். வெண்கலத்தோடு வெண்கலம் மோதினால் அந்த ஓசை மனிதக் காதைத் தாண்டி மேலே மேலே போகும். படத்தில் ஒவ்வொரு தட்டும் ஒரு தென்னை மரம் போல உயர்ந்து நிற்க வேண்டும்.

இந்த ஓதுவார் பாட்டுகளை அனுப்பியவன் சிங்கப்பூரில் இருக்கும் விஜயகுமார். அரவிந்தனோடு கல்லூரியில் படித்தவன். சிதம்பரத்தில் உத்திராபதி என்று ஒருவர், தட்சிணாமூர்த்தி ஓதுவாரைப் பாடவைத்துப் பதிவு செய்து இணையத்தில் விற்கிறார். விஜயகுமாரின் கோயில் கமிட்டிக்கு அது பிடித்துப்போயிற்று. வருஷம் முழுக்கப் பதிகங்களைப் பதிவு செய்யும் வேலையை அவருக்கே கொடுக்க நினைத்தார்கள். அதற்கு முன் அரவிந்தன் ஒருமுறை பார்த்துச் சொல்ல வேண்டும்.

அரவிந்தன் பார்த்தான். தாளம் தென்னை மரமாக உயரவில்லை. பதினைந்தாயிரத்துக்குள்ளேயே சோர்ந்து மறைந்தது. அதற்கு மேல் இருட்டு. மேலும் கீழுமாக இரண்டு மெல்லிய நேர்கோடுகள் மட்டும் குறுக்கே ஓடின. அவை மென்பொருள் அளவுக்காகப் போட்டுக்கொண்ட கோடுகள் என்று விட்டுவிட்டான்.

ஆனாலும் குழப்பமாக இருந்தது. போலியாக இருந்தால் ஓசை ஓரிடத்தில் கத்தியால் வெட்டியதுபோல் நிற்கும். இங்கே அப்படி இல்லை. விளக்கு வெளிச்சம் தூரத்தில் மங்குவதுபோல் மெல்ல மங்கியது. மூன்று மென்பொருளில் திறந்து பார்த்தான். மூன்றும் அதையே காட்டின.

"மச்சான், நீ கதை சொல்லாத. ஒரே வார்த்தை. நல்லதா, போலியா? நாளைக்கு கமிட்டி இருக்கு" என்றான் விஜயகுமார் போனில்.

"போலின்னுதான் தோணுதுடா."

சிங்கப்பூர் போய்ச் சேர்வதற்குள் 'தோணுது' எங்கோ விழுந்துவிட்டது. 'போலி' மட்டும் போய்ச் சேர்ந்தது.

சில நாள் கழித்துக் கடைக்கு ஒரு போன் வந்தது.

"கடலூர் அரவிந்தன் சாருங்களா? செதம்பரத்துலேர்ந்து உத்திராபதி பேசறேன்."

"சொல்லுங்க."

"என் ஃபைலு போலின்னு நீங்க சொன்னீங்களாமே."

"படத்துல அப்படித்தாங்க தெரியுது."

"படமா? நான் பாட்டுதான குடுத்தேன், படம் எங்க குடுத்தேன்?"

அரவிந்தன் விளக்க முயன்றான். மறுமுனையில் உத்திராபதி "ம்", "ம்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"எனக்கு ஒண்ணும் வெளங்கல சார். கல்யாணத்துக்கு மைக் செட்டு கட்டிக்கிட்டு இருந்தவன் நானு. மிஷின்ல தொண்ணூத்தாறுன்னு வச்சி எடுக்கச் சொன்னாரு கடக்காரரு. அப்படித்தான் எடுத்தேன். அப்பறம் கம்ப்யூட்டர்ல ஏத்தும்போது ஏதாச்சும் தப்பா அமுக்கிட்டனோ என்னமோ."

"மிஷின்ல எடுத்த ஒரிஜினல் இருக்குங்களா?"

"கார்டு ஒண்ணுதான் சார் இருக்கு. அழிச்சிட்டுத்தான் அடுத்தத எடுப்பேன்." பிறகு அவரே சொன்னார். "நான் சண்ட போடக் கூப்புடல. ஒருநாள் வந்து பாருங்க. தப்புன்னா தப்புன்னு எம்மூஞ்சிக்கு நேரா சொல்லிடுங்க. வேல போனா போவுது, மறுபடியும் மைக் செட்டு கட்டிக்குவேன். ஓதுவார்கிட்ட என்னான்னு சார் சொல்றது? அவரு பாடன பாட்ட நான் போலியாக்கிட்டேன்னா?"

ஏமாற்றுகிறவன் இப்படிப் பேசுவானா? நன்றாக ஏமாற்றுகிறவன் இப்படியும் பேசுவான். படத்தை நம்புவதா, குரலை நம்புவதா? அன்று மாலை பாடலீசுவரர் சந்நிதியில் நின்றபோதும் அரவிந்தனுக்கு அதுதான் ஓடியது. தீர்ப்பு எதுவும் கிடைக்கவில்லை. போய்ப் பார்த்துவிடலாம் என்று மட்டும் தோன்றியது. சில நேரம் அந்த அளவுக்கு வெளிச்சம் கிடைத்தாலே போதும்.

மறுநாள், வருவதாகப் போனில் சொல்லிவிட்டுச் சிதம்பரம் பஸ்ஸில் ஏறினான். புதுச்சத்திரம் தாண்டும்வரை நின்றுகொண்டே போனான். கீழவீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் வீட்டைக் கண்டுபிடித்தபோது மத்தியானமாகிவிட்டது. வெயில் மண்டையைப் பிளந்தது. வாசல்படிக்குப் பக்கத்தில் ஈரச்சாக்கு போட்டு மூடிய ஒரு மீன்கூடை இருந்தது.

உத்திராபதியின் மனைவி தில்லையம்மாள், "வாங்க சார், அவுங்க கடைக்குப் போயிருக்காங்க, இப்ப வந்துருவாங்க" என்று உள்ளே கூப்பிட்டாள்.

கூடத்தில் கவர்மெண்டு கொடுத்த டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதன் எதிரே சுவரில் சாய்ந்து காலை நீட்டியபடி ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். கையில் டீ டம்ளர். அவள் அரவிந்தனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"யாரு இது, மருமவனா?" என்று தெருவே கேட்கும்படி கேட்டாள்.

தில்லையம்மாள் விரலால் தட்டச்சு செய்வதுபோல் காட்டினாள். பிறகு அரவிந்தனிடம் திரும்பி, "அஞ்சம்மா அக்கா. பிச்சாவரத்து பக்கம் மீன் குப்பம். காது சுத்தமா கேக்காது. யாவாரம் முடிஞ்சி பஸ்ஸு வர்ற வரைக்கும் இங்கதான் ஒக்காருவாங்க" என்றாள்.

"வேர்த்து ஊத்துது பாரு புள்ளைக்கி" என்றாள் அஞ்சம்மாள். யாரும் எதுவும் சொல்வதற்குள் பக்கத்தில் கவிழ்த்திருந்த டம்ளரை எடுத்துத் தன் டீயில் பாதியை ஊற்றி அவன் பக்கம் நகர்த்தினாள். "குடி. நானு இன்னும் வாயி வைக்கல."

அரவிந்தன் கூச்சத்தோடு வாங்கிக்கொண்டான். யாருடைய பிழைப்பில் மண்ணைப் போட்டானோ அந்த வீட்டின் டீ. ஏலக்காய் போட்டிருந்தார்கள்.

டிவியில் பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றாள்.

"பாவம்" என்றாள் அஞ்சம்மாள். "இந்த மாமியாளுக்கு பல்லு வலி. நேத்துலேர்ந்து சோறு எறங்கல. மருமவ பால் எடுத்துக்கிட்டு வர்றா பாரு, நல்ல பொண்ணு."

தில்லையம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அந்தப் பால்ல வெஷம் சார்! அக்காவுக்கு எல்லாரும் நல்லவங்கதான். அக்கா சொல்ற கதயக் கேட்டுட்டு சீரியலப் பாத்தா சீரியலு சப்புன்னு போயிடும்."

அரவிந்தனும் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் கூடத்தில் டிவி சத்தம் இல்லை.

யாரு மாமா டிவி பாக்கறாங்க?

அதற்குள் உத்திராபதி வந்துவிட்டார். ஒல்லியான, முன்தலை வழுக்கையான மனிதர். அரவிந்தனைப் பார்த்ததும் கையிலிருந்த வாழைப்பழச் சீப்பைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார். அரவிந்தன் பதிலுக்குக் கும்பிட மறந்தான்.

"பாட்டு எங்க வச்சி எடுத்தீங்க?"

"தோ, இந்த ரூமுலதான் சார்." கூடத்தை ஒட்டிய சிறிய அறையைக் காட்டினார். சுவரெல்லாம் பழைய போர்வை தொங்கியது.

"அப்பவும் இந்த டிவி ஓடுச்சா?"

புருஷனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஓடுச்சி சார்" என்றார் உத்திராபதி தயக்கத்துடன். "காலைல கரண்டு இருக்கறதில்ல. சாயங்காலம் தெருவுல ஒரே எரச்சல். மத்தியானந்தான் அடங்கும். அக்கா வர்றதும் அதே நேரம். நிறுத்திடலாம்னுதான் போனேன். ஓதுவார் விடல. 'சத்தமே போடாம ஒரு ஜீவன் சந்தோஷமா ஒக்காந்திருக்கு. அது நமக்கு என்னய்யா எடஞ்சல்?'ன்னுட்டாரு. எனக்கும் ஒண்ணும் கேக்கல. அதனாலதான் கெட்டுப்போச்சா?"

"இருங்க. தாளம் ஏன் அவ்ளோ மந்தமா இருக்கு?"

"அதுவா, அது துணி சார்."

"துணியா?"

"பக்கத்து வீட்டு பூஜாவுக்கு அப்ப பிளஸ் டூ பரீட்ச. செவுரு ஒண்ணுதான். ஓதுவார் வேட்டியக் கிழிச்சி தாளத்துல சுத்திக்கிட்டாரு. 'பாட்டக் கேட்டா புள்ள படிச்சிக்கும். தாளத்தக் கேட்டா கால் ஆட ஆரம்பிச்சிடும்'னாரு."

"எரநூறுக்கு எரநூறு வாங்கியிருக்கா சார், கணக்குல" என்றாள் தில்லையம்மாள், தன் மகள் வாங்கியதுபோல.

அரவிந்தன் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தான். பாட்டைப் படமாகத் திறந்து, மென்பொருள் போட்டதென்று தான் ஒதுக்கிய கோடுகளில் கீழே இருந்ததன்மேல் அம்புக்குறியை வைத்தான். பதினைந்தாயிரத்து அறுநூற்று இருபத்தைந்து. எத்தனை டிவியை அவன் பிரித்துப் போட்டிருப்பான்! குண்டு டிவிக்குள் படத்தை வரி வரியாக எழுதும் சுருள், அந்த வேகத்தில்தான் துடிக்கும். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் கேட்காது. குழந்தைகளுக்குக் கேட்கும்.

மேலே இருந்த இன்னொரு கோட்டுக்குப் போனான். முப்பத்தோராயிரத்து இருநூற்று ஐம்பது. கீழ்க்கோட்டின் சரியான இரட்டிப்பு.

எந்தச் சிடியிலும் அந்த உயரத்துக்கு இடம் கிடையாது. ஊதிப் பெருக்கிய ஃபைலாக இருந்தால் அங்கே இருட்டுத்தான் இருக்கும். அந்தக் கோடு அங்கே இருக்கிறதென்றால், இந்த அறையில், இந்த மைக்கில், அந்த உயரம்வரை பதிவு செய்தது உண்மை.

ஆனால் அது மென்பொருளின் கோடாகவே இருந்துவிட்டால்? ஒருமுறை அவசரப்பட்டவனுக்கு மறுபடியும் நம்பப் பயமாக இருந்தது. ஒவ்வொரு பாட்டாகத் திறந்தான். எல்லாவற்றிலும் இரண்டு கோடுகள், ஆடாமல் அசையாமல். குழப்பம் தீரவில்லை. கடைசிப் பாட்டைத் திறந்தான். பாட்டின் நடுவில் இரண்டு கோடுகளும் ஒரே இடத்தில் நின்றுபோயிருந்தன. அதற்குப் பிறகு இல்லை.

"இங்க என்ன ஆச்சு?"

உத்திராபதி ஹெட்போனை மாட்டிக் கேட்டார். முகம் மலர்ந்தது. "தில்லை, இத வந்து கேளு. அன்னிக்கி அக்கா கெளம்பனாங்கல்ல? பஸ்ஸு வந்துடும்னு எழுந்தாங்க சார். இவ டிவிய நிறுத்திட்டு, கூடையத் தூக்கி விடப் போனா. கதவு கிறீச்சுங்குது பாருங்க, லேசா."

மென்பொருள் போட்ட கோடு பஸ்ஸுக்கு எழுந்து போகாது.

இரக்கப்பட்டு ஒருவர் தாளத்துக்குத் துணி சுற்றினார், அதனால் உண்மை மறைந்துபோயிற்று. இரக்கப்பட்டு ஒரு டிவியை ஓடவிட்டார்கள், அது உண்மைக்குச் சாட்சியாக வந்து நின்றது. கடவுள் இப்படியெல்லாம் கணக்குப் போடுவாரா என்று அரவிந்தனுக்குத் தெரியவில்லை. போடமாட்டார் என்று சொல்லவும் தைரியம் வரவில்லை.

அங்கிருந்தே விஜயகுமாருக்குப் போன் செய்தான்.

"என்ன மச்சான் நீ, அன்னிக்கி போலின்ன, இன்னிக்கி அசல்ங்கற? கமிட்டில என்ன கேப்பாங்க தெரியுமா?"

"நான் தப்பா சொல்லிட்டேன்னு சொல்லு. எம்பேரச் சொல்லியே சொல்லு."

"சரி, விடு. அவர் பேர்ல குத்தம் இல்லன்னா வேல அவருக்குத்தான். ஆனா ஒண்ணு. இனிமே எடுக்கறதுல அந்த டிவி கோடு இருக்கக் கூடாது. காசு குடுத்து வாங்கறவன் கேப்பான்ல?"

போனிலிருந்து அது எல்லோருக்கும் கேட்டது. உத்திராபதி வேகமாகத் தலையாட்டினார். "நிறுத்திடறேன்னு சொல்லுங்க சார். அது என்ன பெரிய விஷயம்!" அவர் கண் கலங்கியிருந்தது. உடனே ஓதுவார் வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும் என்று செருப்பைத் தேடினார்.

தில்லையம்மாள் மட்டும் கூடத்தைப் பார்த்தாள். அங்கே அஞ்சம்மாள் மாமியாரின் பல்வலி தீர்ந்த சந்தோஷத்தில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். தன்னைப் பற்றி ஒரு தீர்மானம் ஆகிவிட்டது அவளுக்குத் தெரியாது.

திரும்பி வரும் பஸ்ஸில் அரவிந்தனுக்கு இடம் கிடைத்தது. நிம்மதிதான் கிடைக்கவில்லை. ஒரு மனிதரின் பெயரைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. ஆனால் அதைக் காப்பாற்றிக் கொடுத்தவளுடைய மத்தியானத்தை அல்லவா பிடுங்கியாயிற்று? அவள் வீட்டில் டிவி இருக்கும். அங்கே பேரப்பிள்ளைகள் ரிமோட்டைக் கொடுக்கமாட்டார்கள் என்று தில்லையம்மாள் சொல்லியிருந்தாள். இந்த வீட்டுக் கூடத்தில்தான் அவள் காலை நீட்டி உட்கார்ந்தாள். நா முழுக்க ஏலக்காய் வாசனை இருந்தது. அரை டம்ளர் டீக்கு இவ்வளவு பாரம் உண்டா என்று அவன் வியந்தான்.

கடையில், ஒரு பாங்க் ஆபீஸ் கழித்துக் கட்டிய தட்டை மானிட்டர் ஒன்று கிடந்தது. தட்டைத் திரையில் அந்தச் சுருள் கிடையாது. கேபிள் ஒயரைச் சொருகினால் மானிட்டரை டிவியாக்கும் சின்ன டப்பாவும் அலமாரியில் இருந்தது. இரண்டையும் துடைத்து ஓடவிட்டு, சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டுத் தமிழினியைக் கூப்பிட்டான்.

"ஙீ...ன்னு ஏதாவது கேக்குதா?"

அவள் திரைக்குப் பக்கத்தில் காதை வைத்தாள். முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை. "இல்ல மாமா."

"நல்லாக் கேட்டியா?"

"நான் எப்பவும் நல்லாத்தான் கேப்பேன். நீங்கதான் நம்ப மாட்டீங்க."

ஜூலையில் ஆனித் திருமஞ்சனம் வந்தது. தேர் அன்று காலை உத்திராபதிக்குப் போன் செய்து, கம்ப்யூட்டரில் ஒரு சின்ன வேலை இருக்கிறது, வரலாமா என்று கேட்டான்.

"நாங்க தேரு இழுக்கப் போறோமே சார். சாவி வாசப்படி மாடத்துலதான் இருக்கும். ஒங்க வீடு மாதிரி. நீங்க தேரு பாக்கலியா?"

"வழியில கும்புட்டுக்கறேன்."

ஊரே நான்கு வீதிகளிலும் இருந்தது. சந்து காலியாகக் கிடந்தது. மாடத்தில் கைவிட்டுச் சாவியை எடுத்துக் கதவைத் திறந்தான். அன்று மீன்கூடை இல்லை. குண்டு டிவியின் ஒயரைக் கழற்றி, அதைத் தூக்கி உள்ளறை மூலையில் வைத்து, ஒரு துண்டைப் போட்டு மூடினான். அதன் இடத்தில், கையோடு கொண்டுவந்த தட்டைத் திரையை வைத்துக் கேபிள் ஒயரை டப்பாவில் சொருகினான். எழுந்து பார்த்தபோது உயரம் சரியாக இருந்தது. பிறகு நினைவு வந்து, சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து பார்த்தான். கழுத்து வலித்தது. ஒரு முக்காலியைத் தேடியெடுத்துத் திரையைத் தாழ்த்தி வைத்தான். சத்தத்தை முழுவதும் குறைத்தான்.

திரையை ஓடவிட்டபடியே அறைக்குள் போய் உத்திராபதியின் மைக்கைப் போட்டு, வெறும் அறையைச் சற்று நேரம் பதிவு செய்தான். படமாகத் திறந்து பார்த்தான். தேர் வீதியிலிருந்து வந்த மேள ஓசை அடியில் சின்னப் புகைபோல் இருந்தது. மேலே ஒரு கோடும் இல்லை. அந்தப் பதிவை அழித்தான்.

மறுபடியும் கூடத்துக்கு வந்து அவள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தான். திரையில் அதே பட்டுப்புடவைப் பெண் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அவனுக்கு அவள் பொல்லாதவளாகத்தான் தெரிந்தாள். கொஞ்ச நேரம் விடாமல் பார்த்தான். தாடையில் லேசாக ஒரு வீக்கம் இருப்பதுபோலத்தான் இருந்தது.

திரையை அணைத்தான். கதவைப் பூட்டிச் சாவியை மாடத்தில் பழையபடியே வைத்தான். எங்கோ தேர் நகர்ந்திருக்க வேண்டும். பெரும் ஆரவாரம் எழுந்தது. அந்தத் திசை நோக்கிக் கும்பிட்டுவிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தான். சந்தில் ஆள் யாரும் இல்லை.